இறங்காத உதடு

என் சிரிப்பு கோணலாக இருந்த மாதங்களில், பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் தப்பான பக்கத்தையே பார்த்தார்கள். சிரித்தால் வலப்பக்கம் கீழுதடு இறங்கிப் பல் தெரியும். இடப்பக்கம் உதடு பல்லை மூடியபடி அப்படியே நிற்கும். "வலப்பக்கம் இழுத்துக்கிச்சே" என்பார்கள். இழுத்துக்கொண்டதாக அவர்கள் சொன்ன பக்கம்தான் நல்ல பக்கம். கோளாறு இருந்தது அசையாத பக்கத்தில். கீழுதட்டை இறக்கும் தசைக்குப் போகிற நரம்பு அங்கே வேலை செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. சிரித்தாலோ ‘ஈ’ என்று பல்லைக் காட்டினாலோதான் வெளிப்படும்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். கல்யாணமாகி வந்ததிலிருந்து திருவனந்தபுரத்தில் கரமனை. சாலை பஜார் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. சர்க்கரை வந்த பிறகு எடையைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். உடம்பு இறங்கியது. கன்னத்தின் கீழ்ப்பகுதியும் கழுத்துத் தோலும் மட்டும் பழைய அளவிலேயே தொங்கின. அதைச் சரிசெய்யத்தான் முகத்தின் கீழ்ப்பாதியையும் கழுத்தையும் இழுத்துத் தைத்து, நாடிக்கு அடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையைச் செய்துகொண்டேன். எங்கே, யார் செய்தார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. இந்தப் பலவீனம் கைதேர்ந்தவர்கள் செய்யும் அறுவையிலும் வரக்கூடியது. வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கொஞ்சம் உடற்கூறு தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். முகத்தை அசைக்கும் நரம்பு பக்கத்துக்கு ஒன்று. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் ஏழாவது ஜோடி அது. காதுக்குக் கீழே ஒரு சிறு எலும்புத் துளை வழியாக வெளியே வந்து, காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றிக்கு ஒன்று, கண்ணைச் சுற்றி ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடை ஓரத்துக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. கன்னப் பகுதியில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதால், ஒன்றுக்கு அடிபட்டாலும் பக்கத்துக் கிளை வேலையை எடுத்துக்கொள்ளும். நெற்றிக் கிளைக்கும் தாடை ஓரக் கிளைக்கும் அந்த வசதி குறைவு. அதனால்தான் முகம் இழுக்கும் அறுவைக்குப் பிறகு புருவம் தூக்க முடியாமல் போவதும், கீழுதடு இறங்காமல் போவதும் பளிச்சென்று தெரிகின்றன.

தாடை ஓரக் கிளை எவ்வளவு எளிதில் மாட்டிக்கொள்ளும் என்று பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, தாடை எலும்பின் கீழ் விளிம்பில் புடைக்கிற தசைக்குச் சற்று முன்னால் விரலை வைத்தால் ஒரு நாடித்துடிப்பு தட்டுப்படும். அது முகத்துக்குப் போகும் தமனி. நரம்பு அதைக் குறுக்கே கடந்து உதட்டுக்குப் போகிறது. 1962இல் டிங்மேன், கிராப் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் நூறு அரைமுகங்களை அறுத்துப் பார்த்தார்கள். தமனிக்குப் பின்பக்கத்தில் 81 விழுக்காட்டில் நரம்பு எலும்பு விளிம்புக்கு மேலே ஓடியது, 19 விழுக்காட்டில் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்து ‘உங்களுடையது இந்த வகை’ என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பை வெட்டினால்தான் பலவீனம் வரும் என்றில்லை. தோலை விலக்கிப் பிடிக்கும் கருவி இழுத்தாலும், ரத்தத்தை அடைக்கும் மின்சூடு பக்கத்தில் பட்டாலும், தையல் நெருக்கினாலும், உள்ளே ரத்தம் கட்டி அழுத்தினாலும் அது கொஞ்ச காலம் படுத்துவிடும்.

மயக்கம் தெளிந்த அன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முகம் முழுக்கக் கட்டு, வீக்கம். மறுநாள் கட்டை அவிழ்த்தபோது நர்ஸ், "சேச்சி, ஒந்நு சிரிச்சே" என்றார். சிரித்தேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. டாக்டர் வந்து பார்த்தார். "குழப்பமில்ல, நீர் இறங்கினா சரியாவும்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. இப்படி வருவதில் பெரும்பாலானவை தானாகவே சரியாகின்றன. ஆனால் "சரியாகும்" என்பதோடு பேச்சை முடிக்க விடாதீர்கள். ‘எப்போது? அதற்குள் ஆகாவிட்டால் அடுத்து என்ன?’ என்று கேட்டு, பதிலை அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கினேன். பிறகு வந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் வந்ததற்குக் காரணம் அந்தச் சீட்டுதான். காத்திருப்பதில் தவறே இல்லை, நரம்புக்கு வேண்டியதே அவகாசம்தான். ஆனால் தேதி குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

என்ன தேதிகள் என்று சொல்கிறேன். மரப்பு ஊசியின் வேலை சில மணி நேரத்தில் போய்விடும், நீண்ட நேர மருந்தாக இருந்தால் மறுநாளுக்குள். அதையும் தாண்டி நின்றால்தான் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அறுவையின்போது நரம்பு வெட்டுப்பட்டது என்று தெரிந்தாலோ பலமான சந்தேகம் இருந்தாலோ அங்கே காத்திருப்பு கூடாது. வெட்டுப்பட்ட நரம்பின் தசைப்பக்கத்து முனை ஏறக்குறைய 72 மணி நேரம் வரைதான் மின்தூண்டலுக்கு அசைந்து கொடுக்கும். அதற்குள் திறந்தால் முனையைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது எளிது. பிறகு தேட வேண்டியிருக்கும். எனவே முதல் நாளே கேட்க வேண்டியவை: நரம்பைக் கண்ணால் பார்த்தீர்களா? எந்த அடுக்கில் வேலை செய்தீர்கள்? வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு உண்டா? முடிக்கும் முன் தூண்டிப் பார்த்தீர்களா? வங்கியில் கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் கேட்காத கேள்வியா? டாக்டரிடம் கேட்பதற்கு மட்டும் ஏன் வாய் வராது என்று எனக்குப் புரிவதேயில்லை.

1943இல் செடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். இன்றும் அந்தக் கணக்குதான். முதல் வகையில் நரம்பு அறுந்திருக்காது, செய்தி மட்டும் நின்றுபோயிருக்கும். சில வாரங்களில் திரும்பும், அதிகம் போனால் மூன்று மாதம். இரண்டாம் வகையில் உள்ளே இழைகள் அறுந்து உறை மட்டும் மிஞ்சியிருக்கும். இழை அந்த உறைக்குள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்ந்து தசையை எட்ட வேண்டும். மூன்றாவது முழு வெட்டு. அது தானாகச் சேரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. முதல் வாரத்தில் மூன்றும் கண்ணாடியில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துக் காட்டுவது தசையில் ஊசி வைத்து மின்துடிப்பைப் பார்க்கும் சோதனை. அதையும் மூன்று வாரத்துக்கு முன்னால் செய்தால் ஏமாற்றும், ஏனென்றால் தசை நரம்பை இழந்ததற்கான அடையாளம் தெரிய அத்தனை நாள் ஆகும். மூன்று மாதம் ஆகியும் துளி அசைவு இல்லை என்றால், முகநரம்பு அறுவையில் பழக்கமுள்ளவரிடம் கட்டாயம் போக வேண்டும். அதற்கு மேலும் ஒரு கெடு உண்டு. நரம்பில்லாமல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிடந்த தசை பிறகு நரம்பு கிடைத்தாலும் எழுந்திருப்பது அரிது.

யாரிடம் போவது என்பதிலேயே நம்மவர்கள் நாளைக் கடத்துகிறார்கள். நரம்பு என்றதும் நரம்பியல் மருத்துவரிடம் ஓடுவார்கள். இந்த ஊரில் அதற்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற பெயர்பெற்ற இடமும் உண்டு. சோதனைக்கும் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யவும் நரம்பியல் மருத்துவர் வேண்டும்தான். ஆனால் முகத்தில் அடிபட்ட கிளையை ஒட்டுவதும், வேறு நரம்பிலிருந்து இழை எடுத்து இணைப்பதும் பிளாஸ்டிக் சர்ஜரிக்காரர்களின் வேலை. அவர்களிலும் நுண்ணறுவை செய்பவர்கள். நம் பக்கத்தில் 2015இல் நாட்டின் முதல் கைமாற்று அறுவையைச் செய்த கொச்சி அமிர்தா, கை மற்றும் நரம்பு நுண்ணறுவைக்குப் பெயர்போன கோவை கங்கா மருத்துவமனை இரண்டும் ஒரு பகல் ரயில் தூரத்தில் இருக்கின்றன. இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல டாக்டராக இருந்தால் அவரே கடிதம் எழுதித் தருவார்.

இரண்டாவது டாக்டர் என்னிடம் செய்யச் சொன்ன ஒரு சின்னச் சோதனையை இங்கே எழுதியே ஆக வேண்டும். "குழந்தை கோவிச்சுக்கிற மாதிரி கீழுதட்டை வெளியே பிதுக்குங்க" என்றார். கழுத்துக்குப் போகும் கிளைக்கு அடிபட்டாலும் சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்காது. கழுத்தின் மேல்தோலை ஒட்டிய பரந்த தசையும் உதட்டை இழுக்க உதவுகிறது என்பதே காரணம். ஆனால் அப்போது உதட்டைப் பிதுக்க முடியும். தாடை ஓரக் கிளைக்கு அடிபட்டிருந்தால் அந்தப் பக்கம் பிதுங்காது. கழுத்துக் கிளையாக இருந்தால் திரும்புவது சீக்கிரம், கவலையும் குறைவு. எனக்குப் பிதுங்கவில்லை.

அவசரமாக ஓட வேண்டிய சந்தர்ப்பங்கள் தனி. அறுவை முடிந்த முதல் ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலியோடு வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். நள்ளிரவானாலும் போக வேண்டும். முகக் கோணலோடு கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால், அதை அறுவையின் கணக்கில் எழுதிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சொன்னபோது போனில் முதலில் சத்தமே இல்லை. பிறகு, "உள்ளதை வச்சுக்கிட்டு இருந்திருக்கப்பிடாதா மக்களே" என்றாள். என் நாத்தனார் அவ்வளவு மென்மையாகச் சொல்லவில்லை. விபத்தில் முகம் கோணியவருக்கும் சளிக்காய்ச்சலுக்குப் பின் முகவாதம் வந்தவருக்கும் கிடைக்கும் இரக்கம், அழகுக்காக அறுவை செய்துகொண்டவருக்குக் கிடைக்காது. ‘தேடிப்போய் வாங்கிக்கிட்டது’ என்று ஒரு பார்வை இருக்கும். இந்தப் பார்வைக்குப் பயந்துதான் பலர் மறைக்கிறார்கள், மறைப்பதில்தான் தேதிகள் கடந்துபோகின்றன. என் பையன் மட்டும் வேறு மாதிரி. "அம்மா, ஸ்டாலோனுக்கும் இதே பிரச்சினைதான், ராம்போ எடுக்கலையா?" என்றான். பிரசவத்தில் ஆயுதம் போட்டு எடுத்தபோது நரம்பில் அடிபட்டு, சில்வெஸ்டர் ஸ்டாலோனுக்கு இடப்பக்கக் கீழுதடும் நாடியும் பிறப்பிலிருந்தே அசைவதில்லை என்பதை அவன்தான் எனக்குச் சொன்னான்.

பிசியோதெரபிக்குப் போன இடத்தில் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவளுக்கு அடிபட்டது நெற்றியும் கண்ணும் சேர்ந்த பக்கம். வீட்டில் அறுவையை மறைத்து, பல் வேர் சிகிச்சையில் வீங்கியது என்று சொல்லியிருந்தாள். கண் முழுதாக மூடாது. ராத்திரி கண்ணுக்கு மருந்து போட்டு, மேலே ஒட்டுப்பட்டி ஒட்டிக்கொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் ஒட்டினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். கண் மூடாதவர்களுக்கு இது விளையாட்டல்ல. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, மூடி ஒட்டுதல், ஃபேன் காற்று நேராகப் படாமல் படுத்தல் எல்லாம் முதல் நாளிலிருந்தே வேண்டும். இல்லாவிட்டால் கருவிழிப் படலம் காய்ந்து புண்ணாகிப் பார்வைக்கே ஆபத்து. கண் சிவந்து வலித்தால் அன்றே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். நான் அவளிடம் அக்காவுக்காவது சொல்லு என்றேன். சொன்னாள். அடுத்த முறை அக்காவோடுதான் வந்தாள்.

நான் வங்கியில் மறைக்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு சமாளி என்றார்கள், கொஞ்ச நாள் போட்டும் பார்த்தேன். மாஸ்க் போட்டால் ப, ம என்ற எழுத்துகள் இன்னும் கெடுகின்றன. இரண்டு உதடும் சேர வேண்டிய எழுத்துகள் அவை. எங்கள் தொழிலில் பணம், பாஸ்புக், பாக்கி, பற்று என்று எல்லாமே அதில்தான் தொடங்குகின்றன. களைத்துப்போன சாயங்காலங்களில் காற்று ஒழுகும். சாலை பஜாரின் தமிழ் வியாபாரி ஒருவர், "என்ன மேடம், பல்லு கட்டினீங்களா?" என்று கேட்டார். "கழுத்துக்கு ஆபரேஷன் பண்ணினேன், நரம்பு தூங்குது, எழுந்திரும்" என்றேன். அதன் பிறகு அந்தக் கடைத்தெருவே என் நரம்பு எழுந்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. தொல்லைதான். ஆனால் மறைக்கிற தொல்லைக்கு இது தேவலை. ஒரே வரியில் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டால் கேட்கிறவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை.

சாப்பாட்டில் சில தந்திரங்கள் உண்டு. அசையாத பக்கம் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் பருக்கை தங்கும், உதடு கடிபடும். நல்ல பக்கம் மென்று, சாப்பிட்டதும் வாய் கொப்பளித்து, விரலால் ஒருமுறை துழாவிவிட வேண்டும். டீயைச் சின்ன மிடறாகக் குடித்தால் ஒழுகாது. உதட்டைக் குவிக்கச் சிரமமாக இருக்கும்வரை ஸ்ட்ரா எனக்கு உதவவில்லை, டம்ளர்தான் நல்லது. திருவனந்தபுரத்துக் கல்யாணத்தில் போளியைப் பாயசத்தில் குழைத்துச் சாப்பிடுவது இங்கே பெரிய விஷயம். அதை நாலு பேர் நடுவில் சாப்பிட இப்போதைக்கு முடியாது என்று நான் முடிவு செய்து, பார்சல் வாங்கி வந்து வீட்டில் சாப்பிட்டேன்.

சிகிச்சை என்ற பெயரில் வந்த அறிவுரைகளில் பாதியை ஒதுக்க வேண்டியிருந்தது. ‘கரண்ட் வைக்கிறது’ என்று ஒன்று சொல்வார்கள், முகத்தில் மின்தூண்டல். முகநரம்புக்கு அதனால் பலன் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தப்பான தசைகள் சேர்ந்து இழுக்கப் பழகிவிடும் என்ற கவலையும் வல்லுநர்களுக்கு உண்டு. நரம்பு மாத்திரை எல்லோருக்கும் எழுதுகிறார்கள். பி12 குறைவாக உள்ளவருக்கு அது தேவை. என்னைப்போல் மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் ரத்தத்தில் பார்த்துவிட்டுச் சாப்பிடுவது உத்தமம். ஸ்டீராய்டு சிலருக்கு வீக்கம் குறையக் கொடுப்பார்கள், சர்க்கரைக்காரர்களுக்கு அது சர்க்கரையை எகிற வைக்கும், டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். தைலம் போட்டு உருவச் சொன்ன பெரியவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். ஆறாத தையலின் மேல் உருவுவதா?

எனக்குப் பயன்பட்டது கண்ணாடிப் பயிற்சி. அதிலும் எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறான முறை. முதலில் நான் பல்லை இளித்து, உதட்டைச் சுழித்து, முழு பலத்தோடு செய்தேன். பிசியோதெரபிஸ்ட் பெண் சிரித்துவிட்டு, "கதகளி வேண்டா சேச்சி, சின்னதா மதி" என்றார். சின்னதாகச் செய்தால் போதுமாம். பலத்தோடு செய்தால் நல்ல பக்கம்தான் இன்னும் பலமாக இழுக்கும், கோணல் கூடும். நல்ல பக்கத்தை விரலால் மெல்லப் பிடித்து அடக்கிவிட்டு, நோயுற்ற பக்கத்தில் மட்டும் ஒரு நூலளவு அசைவை நினைத்துப் பார்க்கச் சொன்னார். அசையாவிட்டாலும் நினைக்க வேண்டுமாம். சூயிங்கம் மெல்லச் சொல்கிறவர்களும் உண்டு. மெல்லும் தசைக்கு வேறு நரம்பு, அதனால் உதட்டுக்குப் பயனில்லை. நரம்பு திரும்பி வரும்போது இழைகள் வழிமாறிப் போவதும் உண்டு. அப்போது சிரித்தால் கண் சுருங்கும், கண் சிமிட்டினால் வாய் இழுக்கும். பெரிய கிளைகளில் அடிபட்டவர்களுக்கு இது மாதக்கணக்கில் கழித்துத் தலைகாட்டும். அதற்கும் மெதுவான பயிற்சிதான், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் உதவும்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எல்லோருக்கும் வற்புறுத்துவேன். வாரம் ஒருமுறை, ஒரே சுவருக்கு முன்னால், ஒரே வெளிச்சத்தில், போனில் வீடியோ எடுங்கள். சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்குவது, கண் மூடுவது, மூடிய வாயோடு சிரிப்பு, பல் தெரியச் சிரிப்பு, உதடு பிதுக்குவது, விசில். அரை நிமிடம் போதும். தினம் கண்ணாடி பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது. முகநரம்புத் தளர்ச்சியை அளக்க டாக்டர்கள் எழுதும் ஹவுஸ்–பிராக்மேன் அளவுகோல் 1985இல் வந்தது. முழு நரம்புக்காக ஏற்பட்ட ஆறு படிகள் அதில் உள்ளன. ஒரே ஒரு கிளை போனவருக்கு அது ‘லேசானது’ என்றே காட்டும். எனக்கு அப்படித்தான் எழுதியிருந்தார்கள். லேசானதா இல்லையா என்பதை வீடியோ காட்டும். அறுவைக்கு முன் எடுத்த படங்களையும் கேட்டு வாங்குங்கள். எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதில்லை, முன்பிருந்த கோணலையும் புதிய கோணலையும் அப்போதுதான் பிரிக்க முடியும்.

எனக்கு அசைவு திரும்பியது கண்ணுக்குத் தெரியும் முன்பே உணர்வாகத்தான் வந்தது. நாடியில் பூச்சி ஊர்வதுபோல் ஒரு துடிப்பு. இன்னும் சில வாரங்களில் உதடு பிதுங்கியது, கடைசியாக இறங்கியது. நடுவில் ஒரு குடும்பக் கல்யாணத்துக்காக நல்ல பக்கத்துத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டேன். அதுவும் கீழே இறங்காமல் நின்றதால் இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்தது. மூன்று நான்கு மாதம் நிற்கும். போட்டோவுக்கு நன்றாக இருந்தது, சாப்பாட்டுக்கு இன்னும் மோசம். இன்று வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியும். அதை நானும் என் பிசியோதெரபிஸ்டும்தான் கண்டுபிடிப்போம். காது மடலின் கீழ்ப்பகுதி இன்னும் மரத்திருக்கிறது. அது வேறு நரம்பு, உணர்வுக்கானது. முகம் இழுக்கும் அறுவையில் அதிகம் அடிபடுவது உண்மையில் அதுதான். கம்மல் போடும்போது கவனம் வேண்டும்.

2025இல் இந்த ஊரில் அழகு சிகிச்சை என்றாலே ஒரு பேச்சு எழுந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கழக்கூட்டத்தில் வயிற்றுக் கொழுப்பை நீக்கிக்கொண்ட ஓர் இளம் மென்பொருள் பொறியாளர், அதைத் தொடர்ந்து வந்த கடுமையான கிருமித் தொற்றால் கையிலும் காலிலுமாக ஒன்பது விரல்களை இழந்தார். போலீஸ் வழக்கானது. பத்திரிகைகளில் வாரக்கணக்கில் வந்தது. என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "நீ தப்பிச்சே" என்றார்கள். என் கேஸையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் போவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டுக்கும் ஒன்றுதான். அறுவை செய்யப்போகிறவரின் பெயரும் பதிவு எண்ணும் என்ன? எம்.சி.எச். என்ற அறுவை உயர்பட்டம் அல்லது அதற்கு நிகரானது எதில்? மயக்க மருந்து கொடுப்பவர் யார்? கிளினிக் கேரள மருத்துவ நிறுவனப் பதிவுச் சட்டத்தின் கீழ், அதாவது 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்றதா? இரவில் சிக்கலானால் எந்த ஆஸ்பத்திரி? யூடியூப் பார்த்தும் பயிலரங்கில் வேடிக்கை பார்த்தும் அழகு அறுவைகளைச் செய்யக் கிளம்பக் கூடாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையமே எழுத்தில் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும்.

ஒப்புதல் படிவத்தில் ‘முகநரம்பு’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் நோயாளிக்குச் சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி பற்றிப் போதுமான விவரம் தந்து பெறுவதே ஒப்புதல் என்றது. ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் நீட்டி, ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கையெழுத்துக் கேட்டால், முந்தைய நாளே வேண்டும் என்று சொல்லுங்கள். மருத்துவக் காப்பீடு அழகு அறுவைக்குக் கிடையாது, எல்லாக் கம்பெனியின் பாலிசியிலும் அந்த விலக்கு இருக்கிறது. பின்விளைவுக்கான செலவுக்கும் அதையே காட்டி இழுத்தடிப்பார்கள். சாதாரண சிகிச்சைக்கு இல்லாத ஜிஎஸ்டியும் அழகு அறுவைக்கு உண்டு. அறுவைக்கான பணத்தோடு திரும்பத் திரும்ப வருவதற்கும் சோதனைக்கும் பயிற்சிக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

வழக்குப் போடலாமா என்று பலர் கேட்டார்கள். நான் போடவில்லை. நரம்பு தளர்ந்தது என்பதே அலட்சியத்துக்குச் சான்றாகாது. முன்கூட்டிச் சொல்லாதது, வந்ததும் கவனிக்காதது, தகுதியில்லாதவர் செய்தது ஆகியவைதான் கேள்வி. அந்தக் கேள்வி உங்களுக்கு இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம். 1995லேயே கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம்.

வழக்கோ சிகிச்சையோ எதுவானாலும் முதலில் வேண்டியது காகிதம். அறுவைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், மயக்க மருந்துக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சீட்டு, அறுவைக்கு முன் எடுத்த படங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளின் நகலைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவர் நெறிமுறை விதி. இரண்டாவதாகப் பார்க்கிற டாக்டர் எந்த அடுக்கில், எந்தப் பக்கத்தில், என்ன நடந்தது என்பதை அந்தக் காகிதத்திலிருந்துதான் தெரிந்துகொள்வார். உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ அறுவைக்குப் பிறகு முகம் அசையாமல் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அந்தக் கடிதத்தை எழுதுங்கள். பெயர், அறுவை நடந்த தேதி, வேண்டிய காகிதங்களின் பட்டியல், கையெழுத்து, அவ்வளவுதான். நேரில் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.